சத்தமில்லாத கார்

வாய்க்கால் பாலத்தில், சோதனைக்கு வரும் அதிகாரியின் பழைய கார் கிறீச்சிட்டால் போதும், நெல் கொள்முதல் நிலையத்தில் எடை சரியாகிவிடும். அவர் தலை மறைந்ததும், நெல் விற்க வரும் கனிமொழியின் அப்பாவுக்கு மூட்டைக்கு இரண்டு கிலோ குறையும்.

அந்தக் காரே ஒருநாள் கனிமொழியின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது.

“பெல்ட்டுல தண்ணி ஊத்தியும் கத்துது சார். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர்தான் தேஞ்சுபோச்சு” என்றவள், ஆசையோடு புதிதை மாட்டினாள். கார் சத்தமில்லாமல் பாலத்தைத் தாண்டியது.

மறுநாள் அதிகாரி திரும்பி வந்தார்.

“எடைத் திருட்டைப் பிடிச்சீங்களா சார்?”

“கண்ணாலயே பாத்துட்டேம்மா.”

“நல்லதுதானே சார்?”

“என்ன நல்லது? பாத்துட்டா நடவடிக்கை எடுக்கணும்ல. அந்தப் பழைய டென்ஷனரைத் தூக்கிப் போட்டுடலையே? அதையே மாட்டிடு.”