மூவருக்கான கோடை

“உங்களுக்குக் குழந்தைகள் உண்டா?”

சூப்புக் கிண்ணங்களை மேசையில் வைத்துக்கொண்டே விடுதிக்காரி கேட்டாள். ஜெர்மன் மொழியில். சும்மா ஒரு பேச்சுக்கு.

“இல்லை” என்றான் அவன்.

“ஒன்று” என்றாள் அவள்.

இரண்டு பதில்களும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன.

விடுதிக்காரி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். ரொட்டி எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். ரொட்டியை அவள் கணவர்தான் கொண்டுவந்து வைத்தார்.

ஆஸ்திரிய மலையில், காடு முடிந்து பாறை தொடங்கும் இடத்தில் இருந்தது அந்த மரவீடு. மலையேறுகிறவர்கள் வெளியே வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். யாரோ சிரித்தார்கள்.

அவன் சூப்பைக் குடித்தான். கிண்ணத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவள் தொடவில்லை. சூப்பின் மேல் ஏடு படிந்தது.


மூன்று பேருக்காகப் போட்ட பயணம் அது.

போன கோடையில், ஜெர்மனியில், நியூரம்பர்க் வீட்டில், அவள் வயிறு வெளியே தெரியத் தொடங்கியிருந்தபோது, அவன் வரைபடத்தைத் தரையில் விரித்தான். எல்லையோரம் பாசாவ் ஊரில் சைக்கிள் ஏறினால் வியன்னா வரை டான்யூப் ஆற்றங்கரை. மேடே கிடையாது. பிறகு ரயிலில் மலைக்குப் போய் நடை. அடுத்த கோடையில் பிள்ளையை முதுகில் கட்டிக்கொள்ளலாம் என்றான்.

சைக்கிளுக்குப் பின்னால் இழுத்துப்போகும் துணிக்கூண்டு வண்டியும் வாங்கிவிட்டான். நாகர்கோவிலிலிருந்து அவன் அம்மா வீடியோவில் அதைப் பார்த்துச் சிரித்தாள். “பிள்ளைய கூட்டுக்குள்ளயா போட்டு இழுத்துட்டுப் போவிய?”

நவம்பரில் பிறந்தது. பெண்.

அழவில்லை.

அவன் மருத்துவமனைச் சன்னலோரம் நின்று அந்தப் பெயரை ஒருமுறை சொன்னான். இசபெல். அவன் தேர்ந்தெடுத்திருந்த பெயர். அதன் பிறகு அவன் அதைச் சொல்லி அவள் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்குப் பால் கட்டியது.

வண்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். பதிவுசெய்திருந்த விடுதிகளை மட்டும் ரத்து செய்யவில்லை. ஏன் என்று கேட்டாள்.

“போய்ட்டு வருவோம். உனக்கும் ஒரு மாற்றம் வேணும்லா.”

வந்தார்கள்.

ஆற்றோரப் பாதையில் அவன் முன்னால் போனான். வண்டியை மாட்டும் இரும்புக் கொக்கி அவனுடைய பின்சக்கரத்தில் அப்படியே இருந்தது. கழற்ற மறந்திருந்தான். ஆப்ரிகாட் தோட்டங்கள் வந்தன. கோட்டைகள் வந்தன. அவள் கொக்கியைப் பார்த்துக்கொண்டே மிதித்தாள்.

எதிரே துணிவண்டிகள் வந்தன. உள்ளே பிள்ளைகள் வாயைத் திறந்தபடி உறங்கின. ஒவ்வொன்றையும் கடக்கும்போது அவன் வேகமாக மிதித்தான்.

மாலையானதும் களைத்து விழுந்தார்கள். களைத்தவர்கள் பேச வேண்டியதில்லை.

மலைப்பாதை நெடுக மரச்சிலுவைகள் நின்றன. ஊர்ப்பக்கத்துக் குருசடிகள் போல, தலைக்கு மேல் சின்னதாக ஒரு கூரை. ஒவ்வொன்றின் முன்னாலும் அவள் நின்றாள். ஜெபம் வரவில்லை. நின்றுவிட்டு நடந்தாள்.


விடுதியை விட்டுக் கொஞ்ச தூரம் ஏறிய பிறகு அவன் கேட்டான்.

“எதுக்கு அப்படிச் சொன்ன?”

“பின்ன என்ன சொல்லணும்?”

“இல்லன்னு சொன்னா முடிஞ்சுது. அடுத்த கேள்வி வராது.”

“அவளுக்குப் பேரு வச்சது நீங்கதான்.”

அவன் முகம் ஒரு கணம் என்னவோ ஆனது. உடனே திரும்பிக்கொண்டான்.

“பேசாம நட, மெர்லி.”

பாதை செங்குத்தாக ஏறியது. பாறை இடுக்குகளில் பழைய பனி உருகாமல் அழுக்கேறிக் கிடந்தது. அவன் பெரிய பெரிய எட்டுகளாக வைத்து ஏறினான். வளைவுக்கு அப்பால் மறைந்துபோனான். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

நவம்பரிலிருந்து அவள் ஒரே ஒன்றுக்காகத்தான் காத்திருந்தாள். அவன் அழ வேண்டும்.

மண் போடும்போது அழவில்லை. தொட்டிலைப் பிரித்துக் கட்டும்போதும் இல்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறானோ என்று கதவில் காதை வைத்துக் கேட்டிருக்கிறாள். தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். அவன் அழுதால் போதும். பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். அவன் தலையை மடியில் சாய்த்துக்கொள்ளலாம். அதன் பிறகு இருவருமாக எப்படியாவது எழுந்துவிடலாம் என்று நம்பியிருந்தாள்.

வளைவில் திரும்பினாள்.

பாதையோரப் பாறையில் அவன் உட்கார்ந்திருந்தான். முதுகுப்பையைக் கழற்றவில்லை. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தியிருந்தான். தோள்கள் குலுங்கின. விரல்களைத் தாண்டி வந்த ஓசையை அவள் அவனிடமிருந்து ஒருநாளும் கேட்டதில்லை.

அவன் நிமிர்ந்தான். முகம் முழுக்க நனைந்திருந்தது.

பாறையில் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான்.

அவள் அங்கேயே நின்றாள். தனக்குள் ஏதாவது அசையுமா என்று பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை.

கீழே எங்கோ மாட்டு மணி கேட்டது.

காலைப் பார்த்தாள். ஷூ நாடா அவிழ்ந்திருந்தது. குனிந்து நிதானமாக முடிச்சுப் போட்டாள்.

பிறகு அவனைத் தாண்டி ஏறத் தொடங்கினாள்.