பக்கம் மாறிய கட்டு

“வலி வலப்பக்கம். கட்டு இடப்பக்கம். தாராவிக்காரிதானேன்னு பக்கம் பாக்காமக் குத்திட்டியளா?”

டாக்டர் மானசாவின் மேசைமுன் நின்று கனகவள்ளி கத்தினாள்.

அவள் புருஷன் தளவாய்க்கு வலது நுரையீரலில் புற்றுநோய், முற்றிய நிலை. அவன் அலறுவது எட்டு மாதமாகத் தெருவுக்கே கேட்டது. கழுத்தில் ஊசி விட்டு வலி நரம்பைக் கருக்கிப் பார்க்கலாம் என்று வார்டில் சேர்த்தார்கள். அங்கே பெண்கள் தங்கக்கூடாது. கொழுந்தன் இசக்கிராஜ்தான் கூட இருந்தான்.

மூன்றாம் நாள் கழுத்தில் கட்டோடு வீடு வந்த தளவாய் அதன்பிறகு ஒரு முனகல்கூட முனகவில்லை. எந்நேரமும் துண்டின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். கனகவள்ளி அம்மனுக்குப் பொங்கல் வைத்துத் தெருவுக்கெல்லாம் கொடுத்தாள்.

ஒரு வாரம் கழித்து, பக்கத்து வீட்டு ஆஸியாதான் கேட்டாள், “கட்டு ஏன் அந்தப் பக்கம் இருக்கு?” என்று.

டாக்டர் கோபப்படவில்லை. “பக்கம் மாறலைம்மா. வலி நரம்பு தண்டுவடத்துல எதிர்ப்பக்கம் தாண்டித்தான் மேல போகும். வலது பக்க வலிக்கு இடது பக்கம்தான் ஊசி விடுவோம்.”

கனகவள்ளிக்கு வெட்கமாகிவிட்டது. “தப்பா நெனைக்காதீங்க டாக்டரம்மா. ஒங்க புண்ணியத்துலதான் அவுக சத்தமில்லாம இருக்காவ.”

தளவாயின் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார். “அவருக்கு நாங்க அதைச் செய்யவே இல்லையேம்மா. வலது நுரையீரல் வேலை செய்யலை. இடப்பக்கம் ஊசி விட்டா மிச்சமிருக்கிற மூச்சும் நின்னுடலாம்னு அதைக் கைவிட்டுட்டோம். வேற வழி பாக்கலாம், வாங்கன்னோம். அவர் வரலை.”

“அப்ப அந்தக் கட்டு?”

“நாங்க போடலை.”

பஸ்ஸில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு வாரம் நாடகம் ஆடியிருக்கிறார்கள். அவள் வைத்த பொங்கலையும் வாங்கித் தின்றிருக்கிறார்கள்.

அவள் முகத்தைப் பார்த்ததுமே இசக்கிராஜ் எழுந்து வெளியே போய்விட்டான். தளவாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

“ஒங்க கூடவே கெடந்தவ நான். எங்கிட்டப் பொய் சொல்ல எப்படி மனசு வந்துது?”

தளவாய் கடித்திருந்த துண்டை வாயிலிருந்து எடுத்தான். பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னான்:

“எட்டு மாசமா நீ ஒருநாகூடத் தூங்கலியே, ஏட்டி.”