அடுப்பில் மஞ்சள் கெட்டில்

கொலம்பஸ் நகரத்தில் லொரெட்டா நடத்தும் காமிக்ஸ் கடைக்குள் மாலை வெயில் சாய்ந்து விழுந்து தொலைக்காட்சித் திரையை வெளுக்க வைக்கிறது. ஓடாமல் நிறுத்தி வைத்த காட்சியில் பறக்கும் வீரன் முகமூடியைக் கழற்றுகிறான். அவனுக்குப் பின்னால் அடுப்பில் நசுங்கிய மஞ்சள் கெட்டில் ஒன்று. வந்த இரண்டு படங்களிலும் அது இருக்கிறது. ஏன் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. "அதுக்குள்ள அவன் தம்பியோட உயிர் இருக்குப்பா," என்கிறான் கிளைட், வாய் நிறைய பீட்சாவோடு. "உயிரை எவனாவது அடுப்புல வைப்பானா? அது எதிரி வச்ச ஒட்டுக்கேக்கற கருவி," என்கிறாள் லொரெட்டா. கொஞ்ச நாளாகக் கடைக்கு வந்துபோகும் வெண்டல் சிரிக்கிறான். "ரெண்டும் இல்ல. அது உடையறப்போ அவன் அப்படி அழுவானே, அதுல புரியலையா?" கிளைட் மெல்லுவதை நிறுத்துகிறான். இரண்டு படங்களிலும் கெட்டில் உடையவே இல்லை. மூன்றாவது படம் இன்னும் வெளியாகவில்லை; அதை எடுப்பவர்களுக்குத்தான் அதில் என்ன நடக்கும் என்று தெரியும். வெண்டலின் காதுமடல்கள் சிவக்கின்றன. விரல்கள் காபிக் கோப்பையின் மூடியை அழுத்துவதும் எடுப்பதுமாக இருக்கின்றன. வாராவாரம் வாயே திறக்காமல் உட்கார்ந்து, நம் பேச்சையெல்லாம் யாருக்காகக் கேட்டுக்கொண்டிருந்தான் இவன் என்று லொரெட்டா யோசிக்கிறாள். "நேரமாச்சு, கிளம்பறேன்," என்று அவன் எழுகிறான். அவனுக்கு முன்பே அவள் போய்க் கதவைத் தாழிடுகிறாள். "உன்னை யாரு அனுப்பினாங்கன்னு அப்புறம் கேக்கறேன். முதல்ல அது ஏன் உடையுதுன்னு சொல்லு."