குறை சொல்ல ஒருத்தி

"இதெல்லாம் ஒரு மீன் குழம்பா? புளி தூக்கல். உப்பு அதுக்கு மேல!"

காலித் தட்டை நகர்த்தினாள் இந்திராதேவி.

கோமளாவின் முகம் சிவந்தது. "நாளைக்கு வாடி. எப்படி வைக்கிறேன்னு பாரு!"

மகள் அனுசியாவுக்குப் பொறுக்கவில்லை.

அப்பா போனதிலிருந்து அம்மா பாதித் தூக்கத்தில் நடப்பவளைப் போலத்தான் இருந்தாள். ஜாசின் ஊரில் மழை வந்தாலும் தெரியாது, விட்டாலும் தெரியாது. ஜன்னலோரம் உட்கார்ந்து, செம்பனை மரங்களுக்கு மேல் மிதக்கும் மூட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளிடம் தினமும் செர்காம் கடற்கரையில் வாங்கிய மீனோடு வந்து, சமைக்கச் சொல்லி, சாப்பிட்டுவிட்டுக் குறையும் சொல்கிறாள் இந்த ஆண்ட்டி. பள்ளிக்கூடத்திலிருந்தே தோழியாம்!

இந்திராதேவி கிளம்பியதும் அனுசியா கார்வரை பின்னாலேயே போனாள்.

"ஆண்ட்டி, ஒரு நாளாவது நல்லா இருக்குன்னு சொல்லக் கூடாதா? அம்மா பாவம்லா."

"சொன்னா நாளைக்கு அடுப்புப் பக்கம் போவாளா? என்மேல கோவம் வந்தாதான்மா அவ முழிச்சுக்கிறா."

"அதுக்காக, அவ்ளோ ருசியான குழம்பை..."

"ருசியா இருந்துச்சா?" இந்திராதேவி ஆவலோடு கேட்டாள். "கோவிட் வந்து போனதிலிருந்து என் நாக்குக்கு ஒண்ணுமே தெரியலம்மா. அம்மாகிட்ட சொல்லிடாத, ப்ளீஸ்."

கார் போய்விட்டது. பூப்போல் தூறல் விழுந்தது. அனுசியா நனைந்தபடியே வீட்டுக்குத் திரும்பினாள்.

உள்ளே அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னா? ருசி தெரியாதுன்னாளா?"

அனுசியா திகைத்தாள். "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"போன வாரம் அவளுக்கு ஊத்தினதுக்கு அப்புறம்தான் குழம்புல உப்பே போட்டேன். அன்னிக்கும் உப்பு தூக்கல்னா!"

அம்மா சிரித்தாள். அப்பா போனபிறகு அனுசியா கேட்கும் முதல் சிரிப்பு.

"தெரிஞ்சுமா தினமும் அவங்களோட மல்லுக்கு நிக்கிறீங்க?"

அம்மா குழாயை மூடினாள்.

"வீட்டுல அவ சோத்தைத் தொடுறதே இல்லையாம், அவ மகன் வந்து அழுதான். என்கூட சண்டை போடுறப்பதான்டி, தன்னை மறந்து வயிறாரச் சாப்பிடுறா."