படி திரும்பும் இடம்

படி திரும்பும் இடத்தில் பச்சை சிவப்பானது.

அவள் நின்றாள். டேப்லெட்டில் விரிந்திருந்த கட்டட வரைபடத்தில் தான் நிற்கும் இடத்தைத் தொட்டாள். இறங்கினாள். மறுபடி தொட்டாள். தோள்பையில் இரண்டு சோதனை போன்கள் ஒரே எண்ணை அழைத்து, அறுந்து, மீண்டும் அழைத்துக்கொண்டிருந்தன. அவள் போன வழியெல்லாம் வரைபடத்தில் நிறம் விழுந்தது: சிக்னல் இருந்தால் பச்சை, அறுந்தால் சிவப்பு.

திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையின் கீழ்த்தளம் அது. கதிர்வீச்சு சிகிச்சை தரும் இடம். கதிர் வெளியே போய்விடக் கூடாதென்று, ஓர் ஆள் குறுக்கே படுக்கலாம் என்ற அளவுக்குத் தடித்த சுவர்கள்.

வெளியிலிருந்தும் எதுவும் உள்ளே வராது.

எங்கே ஆன்டெனா வைத்தால் பேச்சு அறுபடாது என்று குறித்துக் கொடுப்பது அவள் வேலை. காத்திருப்போர் கூடத்துக்கு ஒன்று. மருத்துவர் அறைகளுக்கு ஒன்று. நடைவழிக்கு ஒன்று. படிக்கட்டுக்குக் கிடையாது. படியில் யாரும் நின்று பேசுவதில்லை என்பது அலுவலகத்தின் கணக்கு.

அவளுடைய சொந்த போன் கைப்பையில் இருந்தது. அதிலும் சிக்னல் இல்லை.

இன்று மதியம் அவள் கணவன் கிளாட்வினின் கப்பல் இலங்கையின் தென்கரையை ஒட்டிப் போகும். போன துறைமுகத்திலிருந்து சொல்லியிருந்தான். பழைய சரக்குக் கப்பல். மாலுமிகளுக்கு இணையம் கிடையாது. கரை தெரிகிற சிறிது நேரம் மட்டும் அவனால் மனைவியோடு பேச முடியும்.

அப்புறம் ஆப்பிரிக்கா வரை கடல்.

அதற்குள் கீழ்த்தளத்தை முடித்துவிட்டு மேலே போய்விட வேண்டும் என்று காலையில் ஜெபித்துவிட்டு வந்திருந்தாள். சின்ன ஜெபம்தான். இதற்கெல்லாமா என்று தேவன் நினைக்க மாட்டார்.

கூடத்தின் கடைசி பெஞ்சில் ஒரு பெண் அணைந்துபோன போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிக்னல் இல்லாத இடத்தில் போன் விடாமல் தேடும். தேடித் தேடியே சார்ஜ் தீர்ந்துபோகும்.

பெண்ணின் பெயர் வடிவு. கணவர் உள்ளே இருந்தார். இன்றுதான் முதல் நாள். கோயம்புத்தூரில் விடுதியில் இருக்கும் மகள் காலையிலிருந்து அழைத்தபடியே இருப்பாளாம். மேலே போய் யாரிடமாவது போன் கேட்கலாம். ஆனால் எந்த நேரமும் கதவைத் திறந்து மாடசாமியோடு வந்தது யார் என்று கூப்பிடுவார்கள். யாரும் எழுந்திருக்காவிட்டால் அந்த மனிதர் மிரண்டுபோவார்.

இவ்வளவையும் வடிவு தானாகவே சொன்னாள். உதவி என்று எதுவும் கேட்கவில்லை.

மகளின் எண்ணை வாங்கிக்கொண்டு, மேலே போனதும் தானே சொல்லிவிடலாமா என்று அவள் யோசித்தாள்.

செய்தியை யாரும் கொண்டுபோகலாம். குரலைக் கொண்டுபோக முடியாது. கப்பலுக்கு ஆளை அனுப்பிவிட்டு இருப்பவர்களுக்கு இது தெரியும்.

சோதனை போன்கள் அந்த ஒரே எண்ணைத் தவிர வேறெதையும் அழைக்கா.

சொந்த போனை எடுத்தாள். மணியைப் பார்த்தாள்.

பூட்டைத் திறந்து நீட்டினாள்.

வடிவு படியேறிப் போனதும் அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். வடிவின் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே ஃபிளாஸ்க் இளஞ்சூடாக இருந்தது.

கதவையே பார்த்தாள்.

கிளாட்வினிடம் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. அவன் நட்டுவிட்டுப் போன முருங்கை பூத்திருக்கிறது. அதைச் சொல்ல வேண்டும். அவன் ‘ம்’ என்பதைக் கேட்க வேண்டும்.

இந்நேரம் கரை தெரிந்திருக்கும்.

படியில் செருப்புச் சத்தம். ஓடி வரும் சத்தம்.

வடிவு போனை இரண்டு கைகளிலும் ஏந்தி வந்தாள், நிரம்பிய டம்ளரைச் சிந்தாமல் கொண்டுவருவதுபோல. உங்கள் வீட்டுக்காரர், பேசுங்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னாள்.

அவள் காதில் வைத்தாள்.

ஒன்றும் இல்லை.

எந்த இடத்தில் அறுந்தது என்று அவளுக்குத் தெரியும். அதை அவளே சிவப்பில் வரைந்திருந்தாள்.

வடிவுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. மகளிடம் பேசி முடித்ததும் மணி அடித்ததாம். மறுபடியும் மகள்தான் என்று எடுத்துவிட்டாளாம். போனைக் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் ஓடி வந்தாளாம். மேலேயே நின்று ஒரு சத்தம் கொடுத்திருக்கலாமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டாள்.

“நல்லா இருக்காளான்னு கேட்டாவ. நான் பாத்தமட்டுக்கும் நல்லா இருக்காவன்னு சொன்னேன். நீங்க யாருன்னாவ. எங்க கதையச் சொன்னேன். ஒடனே இவுக பேரக் கேட்டாவ, ஜெபம் பண்ணணும்னு. மாடசாமின்னேன். மறந்திரக் கூடாதுன்னு திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாத்துக்கிட்டாவ.”

அவள் கண்களை மூடினாள்.

அவன்தான். கரை தெரிகிற கொஞ்ச நேரத்தில் முகம் அறியாத ஒருவரின் பெயரை மனப்பாடம் செய்கிறவன்.

கதவு திறந்தது. மாடசாமியோடு வந்தது யார் என்று நர்ஸ் கேட்டாள்.

இருவரும் எழுந்தார்கள்.

அவர்களைச் சக்கர நாற்காலியோடு லிஃப்டில் ஏற்றி அனுப்பிவிட்டுப் படியேறினாள். மேலே சிக்னல் நிறைய இருந்தது. அழைத்துப் பார்த்தாள். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று ஒரு குரல் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னது.

மாலையில் வரைபடத்தை அனுப்பினாள். படி திரும்பும் இடத்தில் ஓர் ஆன்டெனாவைக் கூடுதலாகக் குறித்திருந்தாள்.

மேலாளர் உடனே கூப்பிட்டார். படிக்கட்டுக்கு எதற்கம்மா, அங்கே யார் நின்று பேசப்போகிறார்கள் என்று கேட்டார்.

“நிக்க மாட்டாங்க சார். ஓடி வருவாங்க.”