ஒரு நூல் குறைச்சல்

"இது கை தவறி வெட்டினது இல்ல. வேணும்னே வெட்டினது."

மகள் அந்த முக்கோணத் துணியை அளவு அட்டையின் மேல் வைத்துக் காட்டினாள். ஒரு பக்கம் ஒரு நூல் குறைச்சல். அடுத்த துண்டை வைத்தாள். அதிலும் அதே பக்கம், அதே ஒரு நூல்.

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவி எழுந்து நின்றாள்.

அம்மாவோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள் மகள். பெட்டியைத் திறப்பதற்குள் பஞ்சாயத்தைத் திறந்துவிட்டாள்.

அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். அதை நிறுத்தினால் ஒரு வாரம் தாங்கினாலே பெரிசு என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். போகும்போது மனுஷியாகப் போவாள், வரும்போது பிழிந்து போட்ட துணியாக வருவாள். தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். இனிமேல் தேறுவாள் என்கிற பேச்சே கிடையாது. வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

அந்த உடம்பில் மிச்சமிருந்த ஒரே ஆசை ஒரு போர்வை. செத்துப்போன அப்பாவின் சட்டைகளை வெட்டி, கட்டத்துக்கு ஒரு நட்சத்திரமாக ஒட்டுப்போட்டுத் தைக்கிற போர்வை. கண்ணை மூடுவதற்குள் அதை முடித்து மகள் கையில் கொடுத்துவிட வேண்டும். விரல்கள் மரத்துப்போய்விட்டதால் அம்மாவால் கத்தரிக்கோல் பிடிக்க முடியாது, ஊசியை எப்படியோ பிடித்துவிடுவாள். அதனால் வெட்டுவது மருமகள், தைப்பது மாமியார்.

நட்சத்திரத்துக்கு முனைதான் எல்லாம். துணி ஒரு நூல் குறைந்தால் போதும், முனை தையலுக்குள் போய் மழுங்கிவிடும். அம்மாவுக்கு அது ஆகவே ஆகாது. மூக்கறுந்த நட்சத்திரத்தையா என் பொண்ணு போத்திக்கணும் என்று அந்த இடத்திலேயே பிரித்துப் போடுவாள். வேறு துணி கேட்பாள். மருமகள் வெட்டித் தருவாள். அதுவும் மழுங்கும். போன மழைக்காலத்திலேயே கடைசி வரிசைக்கு வந்துவிட்ட போர்வை, இன்னும் அதே வரிசையில் நொண்டிக்கொண்டிருந்தது. பாவம், அவளுக்குக் கை சரியா வரல என்று அம்மா போனில் சொன்னபோதே மகளுக்குச் சந்தேகம்.

சந்தேகம் வராதா பின்னே? மருமகள் என்ன நேற்றைக்கா கத்தரி பிடித்தாள்? பள்ளிக்கூட யூனிஃபார்மை அடுக்கடுக்காக வெட்டித் தள்ளுகிறவள். ஒரு காலர் கோணியது என்று யாரும் திரும்பி வந்தது கிடையாது.

"வெளியாளுக்கு வெட்டினா பிசகாத கை, மாமியாருக்குன்னா மட்டும் கோணிக்குதா?"

"அக்கா, உங்ககிட்ட தனியா ஒண்ணு பேசணும்."

"ஒண்ணும் பேச வேண்டாம். சாகப்போறவ ஆசையில மண்ணைப் போட உனக்கு எப்படி மனசு வந்தது?"

மருமகள் உள் அறையைத் திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் அம்மா விழித்துத்தான் இருந்தாள். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே என்று மட்டும் கெஞ்சினாள்.

அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றின மாதிரி ஆயிற்று. கொஞ்ச நாள் போனால் அம்மாவே போய்விடுவாளே! மகள் தம்பிக்குப் போன் போட்டு, உன் பொண்டாட்டி லட்சணத்தைக் கேளு என்று ஆரம்பித்தாள். வேலை இடத்தில் இருந்த அவன், யார் பக்கமும் சாயாமல், வந்து பார்க்கிறேன் விடுக்கா என்று நழுவினான். வந்து என்னத்தைப் பார்க்கப் போகிறான் என்று இவள் கத்தரிக்கோலைத் தானே எடுத்துவிட்டாள்.

அட்டையை வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினாள். அவள் வெட்ட வெட்ட, அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து தைத்தாள். முனைகள் ஒன்றோடு ஒன்று கச்சிதமாகச் சேர்ந்தன. அம்மா அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது என்று மகளுக்கு அழுகையாக வந்தது.

மருமகள் அந்தப் பக்கமே வரவில்லை. சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. குட்டு வெளிப்பட்டால் அழுகை வரத்தானே செய்யும் என்று மகள் கண்டுகொள்ளவில்லை.

லீவு முடிவதற்குள் போர்வை முடிந்துவிட்டது. அம்மா கடைசி முடிச்சைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். போர்வையை மகள் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டாள்.

"நீ வந்ததாலதான் முடிஞ்சது. இல்லேன்னா இன்னும் எத்தனை நாள் இழுத்துக்கிட்டுக் கிடந்திருப்பேனோ."

மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. இப்ப என்ன சொல்றே என்கிற மாதிரி தம்பி மனைவியைப் பார்த்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்வதற்காக மருமகள் போனைக் கையில் வைத்திருந்தாள். நம்பரை எடுத்தவள் அழுத்தாமலே நின்றுகொண்டிருந்தாள். அம்மா அவளைக் கிட்டே கூப்பிட்டு, போனை வாங்கிக் கட்டில் மேல் வைத்தாள். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வண்டி வேண்டாம்மா. பசங்ககிட்ட மூச்சு விடாதேன்னேன், நீயும் விடல. இந்தப் போர்வை முடியற வரைக்கும் டயாலிசிஸுக்கு வர்றேன்னு உனக்குச் சொன்ன சொல்லை நானும் காப்பாத்திட்டேன். இனிமே என்னை விட்டுடு."