எட்டு, ஒன்பது, பத்து

"உங்க அப்பாவுக்கு இந்தக் கடையில செருப்பு கிடையாதும்மா. வேற கடையிலயும் வாங்கிக் கொடுக்காதீங்க."

மகளுக்குச் சுர்ரென்று ஏறியது. பத்து நிமிஷமாக முக்காலியில் உட்கார வைத்து, இரண்டு காலையும் அளவெடுத்த கடைக்காரர் சொல்கிற பேச்சா இது?

அப்பா ஓய்வு பெற்ற கண்டக்டர். வாழ்நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த கால். அந்தக் காலைக் கடைக்காரர் கட்டை விரலால் அமுக்கினார். குழி விழுந்தது. விழுந்த குழி மேலே வரவே இல்லை.

"மூணு மாசம் முன்னாடி எட்டு கொடுத்தேன். போன மாசம் ஒன்பது. இப்பப் பத்து கேக்குறீங்க. எழுபது வயசுல கால் வளருமா?"

அதோடு விட்டாரா? சாப்பாடு இறங்குதா, உடம்பு அரிக்குதா, ஒண்ணுக்குச் சரியாகப் போகுதா என்று நாலு பேர் முன்னால் விசாரணை வேறு. அப்பாவும் சளைக்காமல் பதில் சொன்னார். எதைத் தின்றாலும் இரும்பை நக்கின மாதிரி இருக்கிறதாம். ராத்திரியெல்லாம் சொறிகிறாராம். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். இதெல்லாம் மகளுக்குத் தெரியாததில்லை. வயசானால் இருக்கத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லி வைத்திருந்ததே அவள்தான்.

"நாளைக்கே ரத்த டெஸ்ட் எடுங்க. கிட்னிக்குன்னு கேட்டு எடுங்க" என்றார் கடைக்காரர், மருந்துச் சீட்டு எழுதுகிறவர் தோரணையில்.

"செருப்பு விக்கிறவங்க செருப்பு வித்தாப் போதும்." வெடுக்கென்று சொல்லிவிட்டு அப்பாவை அழைத்துக்கொண்டு வெளியேறினாள்.

எதிர்க்கடை வாசல் வரை போய்விட்டாள். அந்தக் குழி மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

மறுநாள் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், இரண்டு கிட்னியும் பேருக்குத்தான் ஓடுகிறது என்றார். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் நெஞ்சில் நீர் கோத்திருக்குமாம். அன்றைக்கே டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள்.

ஒரு மாதம் கழித்து இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி என்றாலும் அப்பா தெம்பாகத்தான் இருந்தார். முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

"எட்டாம் நம்பர் ஒண்ணு கொடுங்க. பழைய ஸ்டேஜுக்கே திரும்பியாச்சு."

மகளுக்குக் கண் கலங்கியது. அன்றைக்குப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டாள்.

"டாக்டருக்குப் படிச்சவங்க மாதிரி எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

கடைக்காரர் செருப்பு வாரைச் சரிபார்த்தபடி சொன்னார்.

"எங்க அப்பா செருப்பு இறுக்குதுன்னு சொன்னப்பல்லாம், நான்தாம்மா பாசமா ஒரு சைஸ் பெருசாப் போட்டுவிட்டேன். பதினொண்ணு வரைக்கும்."